நெஞ்செலும்புக்குப் பின்னால் ஒரு கட்டி

பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி தன் கணிதக் கொப்பியை என் மேசையில் போட்டாள். வைத்தாள் என்று சொல்ல முடியாது. போட்டாள்.

“நான் சரியாத்தானே டீச்சர் செய்திருக்கிறன். ஏன் பிழை போட்டனீங்கள்?”

பார்த்தேன். மூன்றாவது வரியில், வரக்கூடாத இடத்தில் ஒரு சமன் அடையாளம் இருந்தது. “இதில ஏன் சமன் போட்டனீர்?” என்று கேட்டேன்.

“அது சமன் இல்லை டீச்சர், சய. கழித்தல் அடையாளம். ஒரு கோடுதான் கிடக்கு.”

பக்கத்தில் நின்ற பிள்ளையும் குனிந்து பார்த்துவிட்டு ஒரு கோடுதான் என்றாள். எனக்கு இரண்டு தெரிந்தது, ஒன்றின் மேல் ஒன்றாக. இடது கண்ணைப் பொத்தினேன். ஒன்றானது. கையை எடுத்தேன். மறுபடி இரண்டு. பிள்ளைகள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்று இரவு வீட்டில் திருத்திய நாற்பது விடைத்தாள்களையும் மறுநாள் காலையில் திரும்பத் திருத்தினேன். காலையில் சய எல்லாம் சயவாகவே இருந்தன. பதினொரு பிள்ளைகளுக்குப் பிழையாகப் பிழை போட்டிருந்தேன்.

நகரத்தில் கண்ணாடிக் கடைக்குப் போனேன். புதுக் கண்ணாடி வந்தது, இரண்டு கோடு போகவில்லை. பிறகு இடது இமை விழத் தொடங்கியது. காலையில் ஒழுங்காக இருக்கும். நாலாம் பாடத்துக்குப் பிறகு பாதிக் கண் மூடிவிடும். ஆசிரியர் அறையில் “நித்திரை இல்லையோ?” என்று கேட்பார்கள். ஒருநாள் பாடசாலை விட்டு ஸ்கூட்டியில் வரும்போது கடற்கரை வீதியில் இரண்டு மான்கள் நின்றன. எங்கள் திருகோணமலையில் மான் ரோட்டில் நிற்பது புதினமில்லை. ஒன்றை விலத்தினேன். விலத்தியது இல்லாத மானை. இருந்த மான் துள்ளிப் பாய்ந்துபோக, நான் சரளைக் கல்லில் விழுந்தேன். அன்றோடு ஸ்கூட்டியை என் கணவர் பூட்டிவிட்டார்.

அவர் துறைமுகப் பக்கம் ஒரு ஐஸ் ஆலையில் இயந்திரம் பார்ப்பவர். அதிகம் பேசமாட்டார். எங்களுக்கு ஒரே மகள், அப்போது ஒன்பதாம் வகுப்பு. ஒவ்வொரு நாள் காலையிலும் அவளுக்கு இரட்டைப் பின்னல் போட்டுவிடுவது என் வேலை. ஒருநாள் இரண்டாவது பின்னலின் பாதியில் என் கைகள் தாமாகவே கீழே இறங்கிவிட்டன. வலி இல்லை. உளைவு இல்லை. தூக்கு என்றால் தூக்கவில்லை, அவ்வளவுதான். பரிசளிப்பு விழாவில் எடுத்த படத்தைப் பார்த்துக் கணவர் கேட்டார், “ஏனப்பா இப்பிடி முறைச்சுக்கொண்டு நிக்கிறீர்?” நான் அந்தப் படத்தில் சிரித்துக்கொண்டிருந்தேன். சிரித்ததாகத்தான் நினைத்தேன்.

முதலில் பார்த்த வைத்தியர் இரத்த அமுக்கம் பார்த்தார், சீனி பார்த்தார், ஒன்றும் இல்லை என்றார். விற்றமின் தந்தார். இரண்டாமவர் என் வயதைக் கேட்டார். நாற்பத்திரண்டு என்றதும் எல்லாம் விளங்கிவிட்டதுபோலத் தலையாட்டினார்.

“வீட்டில ஏதும் பிரச்சினையோ? மனதை ஆறுதலா வைச்சிருங்கோ. இந்த வயதில பொம்பிளையளுக்கு இப்பிடி வாறதுதான்.”

“டொக்டர், எனக்கு மனதில ஒண்டும் இல்லை. கை தூக்க ஏலாமல் கிடக்கு. சோறு சப்பேக்க தாடை களைச்சுப்போகுது.”

“அதுதான் சொல்லுறன். நீங்கள் கனக்க யோசிக்கிறியள்.”

எனக்குக் கோபம் வந்தது. கோபத்தோடு பேசப் பேச என் குரல் மூக்குக்குள் போனது, சொற்கள் குழறின, குடித்தவள் கதைப்பதுபோல. அவர் அதைப் பார்த்துவிட்டு நித்திரைக் குளிசை எழுதினார். அதைத்தான் என்னால் இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை. நான் வாதாட வாதாட, வாதாடும் சக்தியை என் உடம்பில் இருந்த அந்த வருத்தமே பறித்துக்கொண்டது. வைத்தியருக்கு அது அழுகையின் தொடக்கமாகத் தெரிந்திருக்கிறது.

ஏழு மாதம் இப்படிப் போனது.

கண் கிளினிக்கில் ஒரு இளம் பெண் வைத்தியர்தான் என்னை இருத்திவைத்து, மேலே பார்த்துக்கொண்டே இருக்கச் சொன்னார். ஒரு நிமிடத்துக்குள் இடது இமை கீழே வந்துவிட்டது. அவர் தாதியைக் கூப்பிட்டு ஒரு கையுறைக்குள் ஐஸ் போட்டுக் கொண்டுவரச் சொன்னார். அதை மூடிய இமையின் மேல் இரண்டு நிமிடம் வைத்தார். எடுத்தபோது இமை மேலே நின்றது. முன்னும் பின்னும் என் கைப்பேசியிலேயே படம் எடுத்துக் காட்டினார். என் முகத்தை, என் பழைய முகத்தை, ஏழு மாதத்துக்குப் பிறகு மத்தியானத்தில் பார்த்தேன்.

“நரம்பு சொல்லுறதைத் தசை கேக்குதில்லை அம்மா. இதுக்கு மயஸ்தீனியா எண்டு பேர். குளிரில கொஞ்சம் கேக்கும், அதுதான் வைச்சுப் பார்த்தனான். நீங்கள் சும்மா சொல்லேல்லை.”

அந்தக் கடைசி வசனத்துக்காகவே அவரைக் கட்டிப்பிடித்திருப்பேன். வெளியே வந்து கணவரிடம் சொன்னேன். “ஐஸோ?” என்றார். “ஐஸ் எண்டால் நானே வைச்சுப் பார்த்திருப்பனே.” ஏழு மாதத்தில் நாங்கள் சேர்ந்து சிரித்தது அப்போதுதான். என் சிரிப்பு முறைப்பாகத்தான் இருந்திருக்கும்.

நெஞ்சுக்கு ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருந்தார்கள். கண்ணுக்கு வந்த வருத்தத்துக்கு ஏன் நெஞ்சு என்று எனக்கு விளங்கவில்லை. தைமஸ் என்று ஒரு சுரப்பி, நெஞ்செலும்புக்கு நேர் பின்னால், இதயத்துக்கு மேலே படுத்திருக்கிறது. குழந்தையில் பெரிதாக இருந்து உடம்பின் காவற்காரக் கலங்களை, கிருமியோடு சண்டை பிடிக்கும் உயிரணுக்களை, பழக்கிவிட்டு, வளர வளரச் சுருங்கிவிடுமாம். என்னுடையது சுருங்கவில்லை. அதில் தேசிக்காய், எலுமிச்சங்காய் அளவில் ஒரு கட்டி இருந்தது. கட்டியின் பெயர் தைமோமா. அந்தக் கட்டியின் கோளாறால்தான் காவற்காரர்கள் என் சொந்தத் தசைகளையே எதிரியென்று நினைத்திருக்கிறார்கள்.

இதை ஊருக்கு விளங்கப்படுத்துவது வேறொரு வருத்தம். தைமஸ் என்று நான் சொன்னால் எல்லோரும் தைரொயிட் என்று கேட்டார்கள். கேட்டுவிட்டு என் கழுத்தைப் பார்த்தார்கள்.

“அதுக்கு ஏன் பயப்படுறியள்? எனக்கும் தைரொயிட்தான். விடிய ஒரு குளிசை போடுறன், ஒரு கரைச்சலும் இல்லை,” என்றார் பக்கத்து வீட்டு அக்கா.

“அக்கா, இது தைரொயிட் இல்லை. இது நெஞ்சுக்குள்ள.”

“ஓம் ஓம், தைரொயிட் நெஞ்சுக்குள்ளயும் போகுமாம்.”

மூன்றாவது முறை திருத்தியபின் விட்டுவிட்டேன். திருகோணமலை நகரத்தில் பாதிப் பேருக்கு நான் இன்றைக்கும் தைரொயிட்காரிதான்.

அறுவைச் சிகிச்சைக்குக் கொழும்புக்குப் போனோம். நெஞ்சறைச் சத்திரசிகிச்சை நிபுணர் என் கோப்பின் பின்பக்கத்தில் பேனையால் படம் கீறிக் காட்டினார். நெஞ்செலும்பை நடுவால் அறுத்துத் திறந்து, கட்டியை மட்டும் அல்ல, சுரப்பியையும் சுற்றியுள்ள கொழுப்பையும் சேர்த்து முழுதாக எடுக்க வேண்டும். துண்டாக உடைத்து எடுத்தால் சிந்தியது முளைக்கும் என்றார். இப்படியான கட்டிகளை நிறையச் செய்திருக்கிறீர்களா என்று கேட்டேன். “நிறைய ஒருத்தரும் செய்திருக்கமாட்டினம். ஆனால் செய்திருக்கிறன்,” என்றார். உண்மை சொல்லும் மனிதர் என்று தைரியம் வந்தது. அந்தத் தைரியத்தை வைத்துக்கொண்டு நான் மூன்று தடவை கொழும்புக்குப் போகவேண்டி வந்தது.

முதல் தடவை எனக்குத் தடிமன். சளி இருந்தால் மயக்க மருந்து கொடுக்கமாட்டோம் என்று திருப்பி அனுப்பினார்கள். அது நியாயம். இரண்டாம் தடவை, உடம்பைத் தயார்ப்படுத்த ஐந்து நாள் ஊசியால் மருந்து ஏற்றினார்கள். ஆறாம் நாள் காலை பச்சை அங்கி போட்டு, தோட்டையும் தாலியையும் கழற்றிக் கணவரிடம் கொடுத்து, தள்ளுவண்டியில் படுத்தாகிவிட்டது. ஒரு தாதி வந்து சத்திரசிகிச்சை இன்றைக்கு இல்லை என்றார். எனக்கென்று வைத்திருந்த தீவிர சிகிச்சைக் கட்டிலில் வீதி விபத்துக்காரர் ஒருவரைப் போட்டுவிட்டார்களாம்.

அந்த மனிதரை நான் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் வெறுத்தேன். ஹெல்மெட் போட்டிருப்பானோ, குடித்திருப்பானோ என்று யோசித்தேன். பின்னேரம் கணவர் விசாரித்து வந்தார். “ரெண்டு பிள்ளையளின்ர தகப்பனாம். தப்பிட்டாராம்,” என்றார். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். “அப்ப எனக்கு எப்ப?” என்றுதான் கேட்டேன். அவர் தாலியைப் பொதியிலிருந்து எடுத்து நீட்டினார். ஹபரணை வழியாக பஸ்ஸில் ஊருக்குத் திரும்பினோம்.

மூன்றாம் தடவை நடந்தது. கட்டி முழுதாக வந்துவிட்டது. ஆனால் மூச்சுத் தசைகள் களைத்திருந்ததால் நான்கு நாள் தொண்டையில் குழாயோடு கிடந்தேன். கதைக்க ஏலாது. நெஞ்சு நோவைக்கூடப் பொறுத்தேன், அதற்கு மருந்து தந்தார்கள். பொறுக்க முடியாதது சுவரில் இருந்த மின்விசிறி. என் இமைகள் முழுதாக மூடுவதில்லை. விசிறிக் காற்று நேரே கண்ணுக்குள் அடித்து மணல் போட்டதுபோல உரசியது. தாதிக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சிங்களம் கடை வீதிக்குப் போதுமான அளவுதான், அதுவும் வாயால்தான். கடதாசியும் பேனையும் தந்தார். வலுவில்லாத கையால் ஒரு விசிறி கீறி, அதன்மேல் வேண்டாம் என்று புள்ளடி போட்டேன்.

அவர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. “மல்!” என்றார். பூ. என் தோளைத் தடவிக்கொடுத்து, அந்தப் படத்தைக் கட்டிலின் தலைப்பக்கம் ஒட்டிவைத்தார். அவர் கெட்டவர் அல்ல, அதுதான் இன்னும் எரிச்சல். கண்ணீர் வந்தது. அதைப் பார்த்து அவருக்கும் கண் கலங்கியது, நான் நெகிழ்ந்துவிட்டேன் என்று. முழுப் பகலும் அந்தப் பூவின் கீழே கிடந்தேன். பின்னேரம் நிலம் துடைக்க வந்த மலைநாட்டுத் தமிழ்ப் பெண் ஒருவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், விசிறியைப் பார்த்தார்.

“காத்து கண்ணுல அடிக்குதாம்மா?”

விரலால் கட்டிலைத் தட்டினேன், ஓம், ஓம், ஓம் என்று. அவர் போய்ச் சொன்னார். விசிறியைத் திருப்பினார்கள். தாதி ஓடிவந்து என் கண்ணில் மருந்து விட்டு, கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும்.

கட்டியை வெட்டிப் பார்த்த அறிக்கை சில கிழமைகள் கழித்து வந்தது. தைமோமா, பி இரண்டு என்ற வகை, ஓரிடத்தில் மட்டும் உறையைத் தாண்டியிருக்கிறது என்று எழுதியிருந்தது. புற்றுநோய் வைத்தியரிடம் கொண்டுபோனேன்.

“டொக்டர், இது கான்சரோ, இல்லையோ?”

“ஓம் எண்டும் சொல்லலாம். சாதாரணமா ஆக்கள் நினைக்கிற மாதிரிக் கான்சர் இல்லை எண்டும் சொல்லலாம்.”

“நான் கணிதம் படிப்பிக்கிறனான். எனக்கு ஒரு விடை தாங்கோ.”

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவர் கதிரையை முன்னுக்கு இழுத்துக்கொண்டு பொறுமையாகச் சொன்னார். இது மெதுவாக வளரும் சாதி. தூரத்து உறுப்புகளுக்குப் போவது குறைவு. ஆனால் இருந்த இடத்திலோ நுரையீரலின் உறையிலோ பல வருடம் கழித்தும் திரும்பி வரலாம். ஆகையால் நல்லது என்று கைவிடவும் முடியாது, கெட்டது என்று பயப்படவும் தேவையில்லை. “எவ்வளவு காலம் பார்க்கோணும்?” என்றேன். “கனகாலம்,” என்றார். அதுவும் ஒரு விடையா?

கதிர்வீச்சு நல்லது என்பது அவருடைய கருத்து. முழுதாக எடுத்தபடியால் தேவையில்லை என்பது சத்திரசிகிச்சை நிபுணரின் கருத்து. இருவரும் கோபமில்லாமல் முரண்பட்டார்கள். “அரிதான வருத்தம், டீச்சர். ஆக்கள் குறைவு. ஆயிரம் பேரில ரெண்டு மாதிரியும் செய்துபார்த்து எது நல்லம் எண்டு சொல்ல ஏலாது. நீங்களும் முடிவெடுக்கிறதில பங்கெடுக்கோணும்,” என்றார் புற்றுநோய் வைத்தியர். எனக்கு என்ன தெரியும்? இரண்டு படித்த மனிதருக்குத் தெரியாததை ஒரு கணித ஆசிரியை எப்படி முடிவெடுப்பது? நானும் கணவரும் கன்ரீனில் தேத்தண்ணியை ஆறவிட்டுவிட்டு இருந்தோம். “பிறகு திரும்பி வந்தால், அப்பவே செய்திருக்கலாமே எண்டு நினைப்பீர்,” என்றார் அவர். அதுதான் எங்கள் முழு ஆராய்ச்சியும். கதிர்வீச்சு எடுத்தேன்.

ஐந்து கிழமை, ஒரு மாதத்துக்கும் மேல், வேறு ஊரில், கணவரின் அக்கா வீட்டில் தங்கி. ஒவ்வொரு நாளும் சில நிமிடச் சிகிச்சைக்காக மூன்று மணித்தியாலம் மர வாங்கில் இருந்து காத்திருந்தேன். சோறு தொண்டையில் முள்ளாக இறங்கியது. முடித்து வீட்டுக்கு வந்தபோது கதவைத் திறந்த மகளின் தலைமுடி காதளவில் இருந்தது.

“ஏன் வெட்டினனீ? ஆரைக் கேட்டு வெட்டினனீ?”

“உங்களுக்கு ஏலாதுதானேயம்மா. அப்பாவுக்குப் பின்னத் தெரியாது. பள்ளிக்கூடத்தில தலை ஒழுங்கில்லை எண்டு பேசினம். அதுதான் வெட்டிட்டன்.”

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். நான் பயணப் பையை வாசலில் எறிந்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். அவள் மேல் கோபம் இல்லை. ஆர்மேல் என்று காட்ட ஒரு ஆள் இல்லாத கோபம் அது.

கட்டியை எடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஊரே நினைத்தது. நானும் நினைத்தேன். இமை விழுந்துகொண்டேதான் இருந்தது. “கட்டியைத்தான் எடுத்தாச்சே, பிறகென்ன?” என்று பாடசாலை அதிபர் கேட்டார். கட்டி போனாலும், அது பழக்கிவிட்டுப் போன காவற்காரர்கள் அடங்க ஒரு வருடமும் ஆகலாம், மூன்று வருடமும் ஆகலாம், அடங்காமலும் விடலாம். இதை நான் நின்றுகொண்டு விளங்கப்படுத்தினேன். அவர் தலையாட்டிவிட்டு, மருத்துவச் சான்றிதழில் “தைமோமா” என்ற சொல்லுக்கு எழுத்துப் பிழையோ என்று கேட்டார்.

நாட்டில் டொலர் இல்லாமல் மருந்துத் தட்டுப்பாடு வந்தது அந்தக் காலத்தில்தான். தசைக்கு வலுக் கொடுக்கும் குளிசை நாலு மணித்தியாலத்துக்கு ஒன்று வேண்டும். கிளினிக்கில் இல்லை. பெற்றோலும் இல்லாதபடியால் கணவர் சைக்கிளில் நகரத்து மருந்துக்கடைகள் எல்லாம் ஏறி இறங்கினார். பெயரைச் சொன்னால் பாதிக் கடைக்காரருக்கு அப்படி ஒரு மருந்து இருப்பதே தெரியாது. ஒருநாள் வியர்வை ஒழுக வந்து இருபது குளிசையை மேசையில் வைத்தார். கத்தியால் பாதி பாதியாக வெட்டினோம். ஒரு நாளில் எந்த மணித்தியாலங்களுக்கு நான் மனிசியாக இருப்பது என்று தெரிவு செய்ய வேண்டியிருந்தது. காலைப் பாடங்களுக்கு ஒரு பாதி. மத்தியானம் சோறு விழுங்க ஒரு பாதி. பின்னேரத்தைக் கைவிட்டேன். பின்னேரங்களில் நான் கட்டிலில் கிடந்து, மகள் குசினியில் பாத்திரம் உருட்டும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மருந்து திரும்ப வந்தது. வருடங்களும் போயின. இடையில் தந்த ஸ்ரெரொயிட்டால் ஊதிய முகம் வற்றிவிட்டது. வருடத்துக்கு ஒருமுறை ஸ்கேன். இதுவரை ஒன்றும் திரும்பி வரவில்லை. நாலாம் பாடம் வரைக்கும் நான் படிப்பிக்கிறேன். அதற்காகப் பாட நேரசூசியை மாற்றும்படி ஒவ்வொரு தவணையும் சண்டை பிடிக்கிறேன். பின்னேரங்களில் சிலவேளை நிலா இரண்டாகத் தெரியும். சுகமாகிவிட்டதா என்று கேட்பவர்களுக்கு என்ன சொல்வதென்று இன்னும் எனக்குத் தெரியாது.

போன மாதம் கண் கிளினிக் தாதி சொல்லி, பக்கத்திலுள்ள கிண்ணியாவில் இருந்து ஒரு கணவனும் மனைவியும் வீட்டுக்கு வந்தார்கள். அந்த மனிதர் அங்கே பலசரக்குக் கடை வைத்திருப்பவர். அவரே எல்லாம் கதைத்தார். மனைவிக்கு முப்பது வயதிருக்கும். முக்காட்டுக்குக் கீழே ஒரு கண் பாதி மூடியிருந்தது. ஸ்கேனில் கட்டி தெரிந்திருக்கிறது, அதைத் தெளிவாகப் பார்க்க இன்னொரு ஸ்கேனுக்கு ஆஸ்பத்திரியில் நாள் குறித்து, அதையும் இரண்டு தரம் தள்ளிப்போட்டிருக்கிறார்களாம்.

குழைந்த சோறும் பருப்பும் கொடுத்தேன். அந்தப் பெண் தாடையைக் கையால் தாங்கிப்பிடித்துச் சப்பினாள். சாப்பிட்டு முடித்ததும்தான் வாய் திறந்தாள்.

“எல்லாரும் நான் நடிக்கிறன் எண்டு சொல்றாங்க டீச்சர்.”

“நீங்கள் நடிக்கேல்லை,” என்றேன். பிறகு அவளுடைய கணவரைப் பார்த்து, “பின்னேரத்தில இவவைக் கதைக்க வைக்காதேங்கோ. முக்கியமான கதையெல்லாம் காலமை கதையுங்கோ. எந்த டொக்டரிட்டப் போனாலும் முதல் இந்த வருத்தத்தின்ர பேரைச் சொல்லுங்கோ, சில அன்ரிபயோட்டிக் இதுக்குக் கூடாது,” என்றேன்.

“இது முழுசாச் சுகமாகுமா டீச்சர்?” என்று அவர் கேட்டார்.

“தெரியாது,” என்றேன். அவருடைய முகம் விழுந்தது. அதற்குமேல் இனிப்பாகச் சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. “ஆனால் கட்டியை எடுக்கோணும். கெதியா எடுக்கோணும். அதில சந்தேகமில்லை.”

ஸ்கேன் துண்டை வாங்கி, அதிலிருந்த தொலைபேசி இலக்கத்தை எழுதிக்கொண்டேன். மறுநாள் எட்டு மணிக்கு, குளிசை வேலை செய்யும் நேரத்தில், அந்த இடத்துக்கு அழைத்தேன். மூன்று பேருக்கு மாற்றிவிட்டார்கள். ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து சொன்னேன். ஒருவர் தைரொயிட் கிளினிக்குக்கு மாற்றப் பார்த்தார். தொலைபேசியை வைக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். கடைசியாக ஒரு பெண்குரல் வரும் வியாழக்கிழமை காலை வரச்சொன்னது.

“வியாழன் எண்டால் வியாழன்தானே? பிறகு மாத்தமாட்டியளே?” என்று கேட்டேன்.

“இல்லை மிஸ், எழுதிட்டன்.”

“உங்கட பேரைச் சொல்லுங்கோ. நானும் எழுதுறன்.”